இரண்டு தெருவுக்கும் ஒரே ஒட்டகம்

786

குளச்சல்
12-1-1952

அன்பு மகன் அசனாருக்கு வாப்பா மீரான் பிள்ளை ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கை நூர்ஜஹானும் இங்கே சுகம். என் மூட்டுவலி மட்டும் என்னைவிடச் சுகமாக இருக்கிறது. கொழும்பில் நீ நலமாயிருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. பத்து வருஷமாக அந்த ஊரில் கடை பார்த்தும் ஓட்டர் பட்டியலில் உன் பெயர் இல்லை, இந்தியாக்காரன் என்று தள்ளிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். உம்மா அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஓட்டில்லாதவனைத் தேடி யார் வருவார்கள். இங்கே எங்களைத் தேடி வந்த கதையைக் கேள்.

நாகர்கோவிலில் இருந்து ஒரு வக்கீல் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பெயர் எழுதவில்லை, அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். சின்னம் ஒட்டகம். நம் பள்ளிவாசல் தெருவில் வந்து நின்று, நபிமார் ஏறிய மிருகம் இது, உங்களுக்காகவே கேட்டு வாங்கினேன் என்றார். நம் ஆட்கள் உருகிப் போனார்கள், நானும்தான், உன்னிடம் மறைப்பானேன். தொப்பி வேறு வைத்திருந்தார், அது அவர் தலைக்குச் சிறியது, பேசி முடிகிற வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். அதோடு விட்டாரா, பெண்களும் வாசிக்கட்டும் என்று அரபுத்தமிழில் நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்து, போகிறபோது காரில் இருந்து வாரி வீசிவிட்டுப் போனார். யோசித்துப் பார், குர்ஆன் எழுத்து தெருப் புழுதியில் கிடக்கிறது. பகலில் வாசற்படி தாண்டாத பெண்களெல்லாம் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார்கள். ஆண்கள் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாக நின்றோம். எல்லா வீட்டிலும் அந்தத் தாள்கள் கால் படாத உயரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. உன் உம்மா மட்டும் ஒன்றை எடுத்துக் கடைசி எழுத்து வரை வாசித்தாள். எனக்கு ஓதத் தெரியுமே தவிர அந்த எழுத்தில் தமிழைக் கூட்டி வாசிக்கப் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும். பழைய உப்புப் பண்டகசாலைக்கு மேற்கே கிடக்கும் புறம்போக்கில் நம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தருவேன் என்று அதில் இருந்ததாம். நூர்ஜஹான் ஓதி முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள், தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. பையன்களோடு தூரத்துப் பள்ளிக்கு அனுப்ப நான்தான் சம்மதிக்கவில்லை, அந்தக் கோபம் உம்மாவுக்கு என்மேல் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கே பிள்ளைக்குப் புதுச்சட்டை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் சாளை மீன் விற்கிற சூசையம்மை வந்தாள். ஓலைக் கடவத்தின் மேல் ஒரு நோட்டீஸ், இது தமிழில் அடித்தது, மாதா கோவில் தெருவில் கொடுத்தார்களாம், நனைவதற்குள் வாசித்துச் சொல்லுங்கள் முதலாளி என்றாள். அதே வக்கீல், அதே ஒட்டகம். ஆனால் அங்கே அது குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் ஏறி வந்த ஒட்டகமாம். கிறிஸ்துமஸ் நேரம், அவர்களும் உருகியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில், உப்புப் பண்டகசாலைக்கு மேற்கே உள்ள புறம்போக்கைக் கடப்புறத்து மீனவர் வலை காயப்போட வாங்கித் தருவேன் என்று போட்டிருந்தது. அதையும் அதே சிரிப்போடு வாசித்துவிட்டுச் சாளை என்ன விலை என்று கேட்டேன், என் புத்தி அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் இருந்து உம்மா, கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். அவள் தன் தாளை எடுத்துவந்து வாசித்தாள். ஒரே மண். இந்தத் தெரு எழுத்தை அந்தத் தெரு வாசிக்காது, இரண்டு தெருவும் பேசிக்கொள்ளாது என்று வக்கீல் நினைத்திருக்கிறார். நாம் மீன் வாங்குவோம் என்பதை மறந்துவிட்டார். சூசையம்மை அன்று வேறு தெருவுக்குப் போகவில்லை, இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள்.

அடுத்த வாரம் வக்கீல் நம் வீட்டுக்கே சாயா குடிக்க வந்தார். கூடத்தில் தெருப் பெரியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருந்து உன் உம்மா குரல் வருகிறது. "அய்யா, பண்டகசாலைக்கு மேக்கால உள்ள மண்ணு எங்க புள்ளையளுக்குப் பள்ளிக்கூடமா, கடப்புறத்துக்காரங்களுக்கு வலை காயப்போடவா? ஒண்ணைச் சொல்லிட்டு சாயாவக் குடியுங்க." வந்த விருந்தாளியிடம் இப்படியா என்று எழுந்துகூட விட்டேன். வக்கீல் சிரித்து, இடம் தாராளமாக இருக்கிறது, இரண்டும் நடக்கும் என்றார். உடனே உள்ளே உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சூசையம்மை, நான் காலால் எட்டு வைத்து அளந்து பார்த்துவிட்டேன் சாமி, அகலம் முப்பது எட்டுதான் என்றாள். வக்கீல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், ஜெயித்து வந்து பேசுவோம் என்றார். சாயா ஆறிப்போனது. உட்காரவும் தோன்றாமல் நின்றவன்தான், ஆனால் மகனே, ஜமீலா பீவியின் புருஷன் என்று என்னை நினைத்து அன்றைக்குப் பட்ட பெருமை என் ஆயுசில் பட்டதில்லை.

அவர் போன பிறகு உம்மா என்னையும் ஒரு வழி பண்ணினாள். "வலைக்கு மண்ணும் வேணும் வெயிலும் வேணும். புள்ளையளுக்கு ஒரு கூரை போதும்லா, உங்க கயித்துக் கிட்டங்கியில பாதி சும்மாத்தான கெடக்கு" என்றாள். என் கிடங்கு சும்மாவா கிடக்கிறது, கொச்சிக்குப் போக வேண்டிய கயிறு கிடக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுத் தோற்றேன். நிலத்தைக் கடப்புறத்தாருக்கே கொடுக்கச் சொல்லி இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்ட மனு தயார், யார் ஜெயித்தாலும் அவர் கையில் போகும். போன திங்கட்கிழமை முதல் கிட்டங்கிக்குப் பாடம் சொல்லித்தர லீலாபாய் டீச்சர் வருகிறாள். பெண்பிள்ளைகள் பதினொரு பேர், மூன்று பேர் கடப்புறம், நூர்ஜஹான் பக்கத்தில் சூசையம்மையின் பேத்தி. நேற்று உன் தங்கை தன் பெயரை எழுதிக் காட்டினாள், ஹா-வுக்குக் கால் போட மறந்துவிட்டாள்.

ஓட்டு அன்று இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து நடந்தே போனார்கள், வக்கீல் அனுப்பிய கூண்டு வண்டி காலியாகத் திரும்பியது. ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். உம்மா விரல் மையோடு வெளியே வந்ததும் எந்தப் பெட்டி என்று கேட்டேன். "உள்ள என்னைத் தனியாத்தான விட்டாவ" என்றாள், அவ்வளவுதான், இன்றைக்கு வரை வாயைத் திறக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் அலையாதே, ஓட்டில்லாத ஊரில் வாய்ச்சண்டைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. ஒன்று மறக்காதே. அடியில் உம்மா அரபுத்தமிழில் நாலு வரி எழுதியிருக்கிறாள். யாருக்குப் போட்டாள் என்று அதில் இருக்கிறதாம், ஓட்டில்லாத என் பிள்ளைக்கு என் ஓட்டில் பாதி என்கிறாள். அந்த எழுத்து கீழே விழாமல் உயரத்தில் வை. கொஞ்ச நேரம் கூட்டிப் பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடும். கூட்டவில்லை, அப்படியே மடித்து ஒட்டுகிறேன். நீயும் அதை எனக்கு எழுதிவிடாதே.

உன் வாப்பா
மீரான் பிள்ளை