‘அலிபி’ என்ற சொல்லின் ஓரத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் உன் சட்ட அகராதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் அந்துருண்டை வாசனை. ‘அலிபி’ என்ற சொல்லின் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.

உத்திரமேரூரில் நீ வக்கீலாக இருக்க, உன் கட்சிக்காரர்களின் மனுக்களை நான் மொழிபெயர்த்துக் கொடுத்த நாட்களில் அந்தச் சொல்லைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறாய். லத்தீனில் ‘வேறிடத்தில்’ என்பது மட்டுமே பொருள். குற்றம் நடந்தபோது நான் அங்கே இல்லை என்பவனின் சொல். ஆங்கிலமும் ஜெர்மனும் அப்படியே எடுத்துக்கொண்டன. பிரெஞ்சில் அது சாக்கு என்றும் ஆகிவிட்டது. ஜெர்மனில் ஒப்புக்குச் செய்கிற காரியத்தின் பெயரோடும் அதை ஒட்டிவிடுகிறார்களாம். “நல்ல சொல்லு, போற ஊர்ல எல்லாம் கெட்டுக்கினே வருது” என்று சிரித்தாய்.

பிறகு ஒருநாள், திருப்புலிவனத்தில் மடைத் தண்ணீர்த் தகராறில், உன் பக்கத்துக் கழனிக்காரரை யாரோ மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார்கள். பொழுது சாய்ந்த நேரம். முகம் தெரியவில்லை, குரல் உன் தம்பியுடையது என்றார் அவர். அவருடைய வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

நீ என் வீட்டுக்கு வந்தாய். உட்காரக்கூட இல்லை.

“அவன் அங்க இல்லடி. ஆனா எங்க இருந்தான்னு வெளிய சொல்ல முடியாது. ஒரு பொண்ணோட மானம் கீது அதுல. உன் வூட்ல மோட்டார் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தான்னு சொல்லிடு.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உன்னை நம்பாததுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். கூண்டில் ஏறிச் சொன்னேன். எந்த பேரிங் தேய்ந்திருந்தது என்றுகூடச் சொன்னேன். உன் தம்பி விடுதலையானான்.

அதன்பின் நீ என்னிடம் சொற்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே ஒருமுறை கேட்க வாயெடுத்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். வலியாலா, என்னாலா, தெரியவில்லை. உன் காரியம் முடிந்தபின் தம்பியைக் கேட்டேன். அக்கா சொன்னதுதான் என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கழனிக்காரர் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பம் எழுதித்தரச் சொல்லி என்னிடமே வந்தார். எழுத வேறு யாரும் கிடைக்கவில்லையாம். கை எப்படிப் போனது என்று எழுதவேண்டிய இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன் தம்பி என் வீட்டில் இல்லை என்று.

அவர் கோபப்படவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவரு எங்கம்மா இருந்தாரு?”

தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. பாதி எழுதிய விண்ணப்பத்தை இடது கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றே உன்னிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இப்போது என்னிடம் கிடக்கிறது. இத்தனைக்கும் பிறகு உன்மேல் எனக்கிருந்த பிரியம் கொஞ்சமும் குறையவில்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.