மஞ்சள் காய்கள்

முத்துமாரி அம்மன் துணை

மாத்தளை,
1989 ஆவணி

அன்பு மகன் ராசையாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி சந்திரகாந்தாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மன் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும். உன் பார்சல் உடையாமல் வந்தது. சட்டைத்துணிக்கு அடியில் பலகையும் காயும் பகடையுமாக அந்த விளையாட்டுப் பெட்டியும் இருந்தது. இங்கத்து நிலைமை நீ ரேடியோவில் கேட்பதுதான். கடையை மூடச் சொல்லிக் கலகக்காரரின் மிரட்டல் துண்டுக் கடதாசி வருகிறது, மூடினால் திறக்கச் சொல்லித் துவக்கோடு ஆமிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், லக்கலப் பக்கமிருந்து மிளகு மூட்டை வந்து எத்தனையோ நாளாகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு உன் பெட்டி எவ்வளவோ மேல்.

ஆனால் ராசு, விளையாடும் முறை எழுதிய கடதாசி முழுக்க ஜெர்மன் பாஷையில் இருக்கிறதே, அதை இங்கே யார் படிப்பது என்று யோசித்தாயா? எனக்குத் தெரிந்தது தாயம், அதனால் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும் என்றேன். பக்கத்துத் தையல்கடை றஹீம் நானா பின்னேரம் எங்களோடு வந்து உட்காருவார், அவர் ஆறு விழுந்தால்தான் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் இரண்டுக்கும் இறக்கலாம் என்று முடிவானது. பாதையை மறிக்கும் வெள்ளைக் காய்கள் எதற்கென்று விளங்கவில்லை. நானாதான் என்னைப் பார்த்து “இது செக்பொயின்ட் தங்கச்சி, அடையாள அட்டையக் காட்டிட்டு நில்லுங்க” என்று சொல்லி எங்களை ஒரு ஆட்டம் நிற்க வைத்தார். தான் மாட்டினால் மட்டும் “எனக்குப் பாஸ் இருக்குது” என்று தாண்டிப் போய்விடுகிறார், சரியான கள்ள ஆட்டம். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது. இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம். சிவப்பு எனக்கு, பச்சை தங்கச்சிக்கு, நீலம் நானாவுக்கு. மஞ்சள் உனக்கென்று மூலையில் அப்படியே நிற்கும்.

அப்பா மட்டும் கிட்டவே வரவில்லை. கடையைப் பார்க்கச் சொன்னவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ விமானம் ஏறினதிலிருந்து அவர் உன் பெயரை எடுப்பதில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். பெட்டியைக் கண்டதும் “கடைக்கு ஆளில்ல, வெளயாட்டுச் சாமான் ஒரு கேடு” என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அப்பா என்ன சொன்னார் என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், எனக்கு எழுத ஒன்றும் இருப்பதில்லை. போன புதன்கிழமை உக்குவளைச் சித்தியைப் பார்க்கப் புறப்பட்டேன், பஸ் ஓடவில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டேன். தங்கச்சி நானா வீட்டில் தையல் பழகப் போயிருந்தாள். உள்ளே வந்தால் அப்பா தனியாகப் பலகையை விரித்து வைத்துக்கொண்டு உருட்டுகிறார். என் சிவப்பைத் தனக்கு எடுத்திருந்தார், ஒரு தரம் சிவப்புக்கு, ஒரு தரம் மஞ்சளுக்கு. யாருங்க முன்னுக்குப் போறது என்று கேட்டேன். பலகையை மடிப்பார் என்றுதான் நினைத்தேன், மடிக்கவில்லை. “வேற யாரு, அவன்தான். சொல்லாமக் கொள்ளாம ஓடுறதுல அவன அடிக்க ஆளிருக்கா” என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டுத்தான் தேத்தண்ணி வைத்தேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததும் கடைக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறார், “ஆறு விழுந்தா இன்னொரு தரம் உருட்டலாமான்னு அவன்கிட்ட கேட்டு எழுது, அவனுக்குத்தானே அந்தப் பாஷ தெரியும்” என்று. கேட்டுவிட்டேன் மகனே.

வேலைக்குப் போகும்போது வெறும் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே, ஒரு பிடி சோறாவது ஆக்கிச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு நல்லாயிருக்க அம்மன் வழிவிடட்டும். மறக்காமல் ஒன்று செய். அப்பா கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, கவரில் அப்பா பெயரைப் போடு. ஆறு விழுந்தால் என்ன என்பதை மட்டும் சொல். சட்டம் முழுவதையும் ஒரேயடியாக எழுதித் தொலைத்துவிடாதே, மிச்சத்தை அவரே உன்னிடம் கேட்கட்டும்.

உன் அம்மா,
சோ. பாலாமணி