பனி ஊரில் சூடான தண்ணீர்

அன்புள்ள மூத்த பேரனுக்கு,

உன் தங்கை தோவா செவிலியர் தேர்வில் முதலாவதாக வந்தாள். தம்பி டுவானுக்கு ஹனோயில் பாலம் கட்டும் வேலை. கடைக்குட்டி நீச்சலில் பதக்கம் வாங்கினான். இங்கிலாந்து வரை போனவன் நீ ஒருவன்தான் என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

செடிக்கு என்ன நோய் என்று கேட்டு நீ அனுப்பிய மஞ்சள் இலைப் படமும் வேர்ப் படமும் வந்தன. கஞ்சா என்று பார்த்ததும் தெரிந்தது. உன் அம்மாவிடம் தக்காளி என்று சொல்லியிருக்கிறேன். "அண்ணன் மூஞ்சியக் காட்டச் சொன்னா இலையக் காட்டுது. என் கல்யாணத்துக்கும் இலையத்தான் அனுப்புமா பாட்டி?" என்று தோவா சிரித்தாள். உன் அம்மா சிரிக்கவில்லை.

பூக்கும்போது கீழ் இலை பழுத்தால் பயமில்லை. செடி அதைத் தின்றுதான் பூவை வளர்க்கும். ஆனால் உன் செடியில் நுனியும் மஞ்சள், வேர் பழுப்பாக வழவழவென்று இருக்கிறது. தொட்டித் தண்ணீர் சூடேறி வேர் அழுகுகிறது. போன கோடையில், தண்ணீரிலேயே வளர்க்கும் என் கீரைத் தொட்டிகளுக்கும் இப்படித்தான் வந்தது. தண்ணீரை மாற்றி, சன்னலைத் திறந்துவிட்டேன். பிழைத்துக்கொண்டது.

அங்கே பனி பெய்கிறது என்று தோவா சொன்னாள். பனி பெய்யும் ஊரில் தண்ணீர் எப்படிச் சூடாகும் என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சன்னலைத் திறக்க உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே. அது திறக்கிற சன்னல்தானா?

இந்தக் கடிதம் உன் முதலாளியின் தொலைபேசிக்குத்தான் வரும். அவரும் படிப்பார். அவரை நான் குறை சொல்லவில்லை.

இனி இலை வேண்டாம். வாசலுக்கு வெளியே, பனியில் நின்று, உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பு. முதலாளி பக்கத்தில் நின்றாலும் சரி.

உன் பாட்டி