கோடு போடாத பெயர்

1994 மார்ச் 9

எங்கள் சங்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். பறித்தவர் தொழில் அலுவலகத் துணை இயக்குநர் கோங். எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கென்றால் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

மூக்குக்கண்ணாடி பிரேம் செய்யும் பட்டறைக்காரர்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள் ஷியாங் சுய்ஃபென். பிரேமுக்குக் கீல் செய்யும் பட்டறை நடத்துகிறவள். விதிகளை எழுதியதும் அவள்தான். தனி ஆளாகப் போனால் எந்த அலுவலகமும் உட்காரச் சொல்வதில்லை, சங்கமாகப் போனால் சொல்லும் என்று எங்களுக்குப் புரியவைத்தாள். தலைவி அவள்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இன்று காலை வாக்குச்சீட்டைப் பிரித்தால் ஒரே ஒரு பெயர். கோங். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். அலுவலகம் அவருக்கு ஒரு நாற்காலி தேடியிருக்கிறது.

வழக்கம்போல்தான் வாக்கெடுப்பு. சம்மதமென்றால் எதுவும் எழுத வேண்டாம், மடித்துப் போடலாம். சம்மதமில்லாதவர் பெயர்மேல் கோடு போட வேண்டும். பேனாக்கள் கோங்கின் மேசையில், அவர் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில்.

சுய்ஃபென் எழுந்து போனாள். அவர் முன்னாலேயே பேனாவை எடுத்து, அங்கேயே நின்று கோடு போட்டாள்.

"வேற யாருக்காச்சும் பேனா வேணுமா?" என்று கேட்டார் கோங். அன்பாகத்தான் கேட்டார்.

என் சட்டைப் பையில் என் பேனா இருந்தது. எழுந்து போகக்கூட வேண்டாம். மடித்துப் போட்டேன்.

மார்ச் 10

எதிராக விழுந்தவை இரண்டு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டா? இன்னொருவர் யார்?

மார்ச் 12

தெருவே முடிவு செய்துவிட்டது. நான்தானாம்.

மீன் வாங்கப் போனேன். கடைக்காரன் பணம் வாங்க மாட்டேன் என்கிறான். "சொந்தப் பேனாவோட வந்த ஆளு நீங்க ஒருத்தர்தானே பெரியவரே!" லென்ஸ் கடைக்காரர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மாலையில் சுய்ஃபென்னே மீன் உருண்டை சூப் கொண்டுவந்தாள்.

"பான் மாமா, நான் தனியாயில்லைன்னு தெரிஞ்சப்போதான் அன்னிக்கு எனக்குச் சோறு இறங்குச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆறிடப்போவுது, குடிங்க" என்றாள். குடித்தேன்.

அவள் போனதும் அமெய் கேட்டாள்: "உண்மையிலேயே கோடு போட்டியா, கிழவா?" நாற்பது வருஷமாக என்னுடன் குடித்தனம் நடத்துகிறவள். எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவினேன். நான் கிண்ணம் கழுவியதே கிடையாது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 13

என்னடா பயம் உனக்கு? அறுபத்தெட்டு வயசுக்கு மேல என்னத்தைப் புடுங்கிக்கப் போறாங்க?

மார்ச் 15

பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். 1972இல், சொந்தமாக விற்பதே குற்றமாக இருந்த காலத்தில், கீல் விற்றதற்காக என் கழுத்தில் அட்டை மாட்டி ஊரைச் சுற்ற வைத்தார்கள். 'ஊக வணிகன்'. மன்னிப்புக் கேள் என்றார்கள், கேட்கவில்லை. இருபது வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லியே தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அன்று ஊரே பார்த்தது. ஊர் பார்த்தால் நான் வளைய மாட்டேன். யாரும் பார்க்காத ஒரு துண்டுக் காகிதத்தில் வளைந்துவிட்டேன். அட்டை மாட்டிய நாளில்கூட இவ்வளவு கூசவில்லை.

ஏப்ரல் 2

புதிய தலைவரின் முதல் சுற்றறிக்கை. இனி பட்டறைக்காரர்கள் யாரும் நேரடியாக விற்கக் கூடாது. சரக்கெல்லாம் ஊர்க் கூட்டு ஆலையின் கிடங்குக்குப் போக வேண்டும், விலையை ஆலை வைக்கும். சொந்தத் தொழிலாளிக்கே சம்பளம் கொடுக்க முடியாத ஆலை! கோங் பார்த்துப் பார்த்து வளர்த்தது. பழைய காலத்தை எங்கள் சங்கத்தின் முத்திரையைக் குத்தியே திரும்பக் கொண்டுவருகிறார்.

சுய்ஃபென் வந்தாள். உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டால் மறுபடி கூட்டம் கூட்டியாக வேண்டும் என்று விதி இருக்கிறதாம். "நீங்க முதல்ல போடுங்க மாமா. உங்க பேரைப் பார்த்தா மத்தவங்க பின்னாலேயே வருவாங்க."

கண்ணாடியைக் காணோம் என்றேன். அது என் மூக்கின்மேல் இருந்தது.

ஏப்ரல் 4

தேநீர்க் கடையில் ஃபாங்கிடம் எரிந்து விழுந்தேன். பிரேம்களுக்கு மெருகு போடுகிறவன். யாராவது தும்மினாலே தள்ளி உட்காருகிற ஆள். "உன்னை மாதிரிக் கோழைங்களாலதான்டா சங்கம் போச்சு!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் தலையைக் குனிந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, அந்த ரெண்டாவது கோடு நான் போட்டது. பேனா கேக்கத் தைரியமில்ல. சிகரெட் பத்த வச்சு, அந்தத் தீக்குச்சிக் கரியால இழுத்தேன்."

கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க பேர்லயே இருக்கட்டும். நான் போட்டேன்னா சிரிப்பாங்க, நீங்க போட்டீங்கன்னாதான் கோங்குக்கு வயித்தைக் கலக்கும்."

என்னைக் குத்திக்காட்டவே இல்லை. அவனிடம் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 7

சொல்லிவிட்டேன்.

முதலில் சுய்ஃபென்னிடம். "அப்போ நான் குடுத்த சூப்?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பிறகு தேநீர்க் கடையில், எல்லோரும் இருக்கும்போது, நின்றுகொண்டு. "நான் கோடு போடல. போட்டவன் ஃபாங். இனிமே அவனை எவனாவது கேலி பண்ணுனா என்கிட்ட வரட்டும்."

"இதைச் சொல்றதுலயும் வீறாப்பா?" என்றான் மீன் கடைக்காரன். "அன்னிக்கு எடுத்துட்டுப் போன மீனுக்குக் காசைக் குடுங்க!" கடை முழுக்கச் சிரிப்பு. காது எரிந்தது. காசை வைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் லென்ஸ் கடைக்காரர் தன் கோப்பையைப் பார்த்தபடி, "நானும் போடல" என்றார். அவரை அடுத்து இன்னொருவர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுய்ஃபென் மனுவை மேசைமேல் விரித்தாள். ஃபாங்தான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கிப் போட்டான்.

ஏப்ரல் 10

மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. கூட்டம் இருபதாம் தேதி. ஆக வேண்டியவை:

சுய்ஃபென்: மனுவை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

லென்ஸ் கடைக்காரர்: மேற்குத் தெருப் பட்டறைகள். அவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். தானும் பயந்ததைச் சொல்லியே கூப்பிட வேண்டும்.

மீன் கடைக்காரன் உறுப்பினர் இல்லை. தண்ணீரும் பெஞ்சுகளும் அவன் பொறுப்பு என்று அவனே சொன்னான்.

ஃபாங்: சீட்டில் இரண்டு பெயர் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எழுந்து படிக்க வேண்டும். மாட்டேன் என்கிறான். அமெய் பேசிப் பார்க்கிறாள்.

நான்: முன்வரிசையில் உட்கார வேண்டும். இந்தக் கூட்டத்தைக் கேட்டது யார் என்று கோங் கேட்பார். எழுந்து, போன தடவை உங்களுக்கு ஓட்டுப் போட்டவன் என்று சொல்ல வேண்டும்.