திருத்தாமல் விட்ட வாக்கியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சளி பிடித்தது, போய்விட்டது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடு என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேறு என்னென்னவோ எழுத வருகிறது. பொறுத்துக்கொண்டு படி.

கண்ணாடிக் கடை வேலை பழகிவிட்டது. ஃபிரேமைச் சூடுகாட்டி, வருகிறவர் காதுக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பேன். கைவேலைக்குப் பாஷை வேண்டாம். கண்ணாடி தயார் என்று போன் செய்யச் சொன்னால்தான் இங்கிலீஷுக்குத் தடுமாறுவேன். அவர் இருந்தவரை வெளிப்பேச்செல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினால் போதும்.

கடையில் கண் பரிசோதிக்கிறவள் என் வயதுக்காரி. பிறந்து பேச ஆரம்பித்ததே இங்கிலீஷில்தானாம். என் பேச்சைத் திருத்தச் சொல்லி நானாகத்தான் கேட்டேன். தப்பாகச் சொன்னால் பேனாவால் மேஜையில் ஒரு தட்டு. முதல் வாரம் மேஜைக்கே வலித்திருக்கும். கண்ணாடி வாங்க வந்த ஒருவரிடம் 'யுவர் குட் நேம்?' என்று கேட்டேன். அவர் போனதும், "நல்ல பேரைக் கேட்டியே, கெட்ட பேரைக் கேட்கலையே" என்றாள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் எதிராளியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். 'கொஸ்டின்' என்று சொல்ல வேண்டுமாம். இத்தனை வருஷமாக எத்தனை பேரை நம்பாமல் இருந்திருக்கிறேன், பார்!

ஒருநாள் அவரைப் பற்றிக் கேட்டாள். 'மை ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட்' என்றேன். பேனா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தட்டியது. அது பாலுக்கும் மாத்திரைக்கும் சொல்வதாம். 'ஐ லாஸ்ட் மை ஹஸ்பண்ட்' என்று சொல்லச் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. அவர் போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும் என்கிற மாதிரிதான் பேசுகிறார்கள். இவள் ஒருத்திதான் அதிலும் தப்பைத் தப்பு என்றாள். பஸ் நிறுத்தத்தில் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்த்தேன். 'லாஸ்ட்' என்றால் நமக்குத் தொலைத்ததுதானே? ஏதோ கூட்டத்தில் நான்தான் அவர் கையை விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவரின் கண்ணாடி தயார் என்று அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தார். அவர் போன வாரம் தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டு, "இப்ப அந்தக் கண்ணாடியை நான் என்ன பண்றது?" என்று என்னையே கேட்டார். நானும் என் கணவரை இழந்தவள் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு குழறி 'ஐயாம் லாஸ்ட் டூ' என்று வந்துவிட்டது. அந்த அம்மா 'யெஸ்' என்றார். இரண்டு பேரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம். மறுநாள் வந்து, பெட்டி வேண்டாம் என்று கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை நான் போனில் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்ட கண் பரிசோதிக்கிறவள் பேனாவைத் தொடவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது. இவளும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டாளே என்று அழுகையே வந்தது. காலையில் போனதும் கேட்டுவிட்டேன், ஏன் திருத்தவில்லை என்று. "தப்பாச் சொன்னாத்தானே திருத்தணும்? நீ சொன்னது சரியான இங்கிலீஷ்" என்றாள். வழி தெரியாமல் நிற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

வருவதா வேண்டாமா என்று கேட்டால், இப்போதைக்கு என் பதிலும் அந்த 'ஐயாம் லாஸ்ட்'தான், அக்கா. அங்கே வந்தால் எந்த அறையில் இருப்பேன் என்று யோசிக்கிறேன். இங்கே இருந்தால் யாருக்காக விளக்குப் போடுவேன் என்றும் யோசிக்கிறேன். வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. துணி துவைக்கிற மெஷின் வேலை முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடும். "வர்றேன், இரு" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ போன் செய்யும்போதெல்லாம் 'சாப்பிட்டியாம்மா, தூங்கினியாம்மா' என்று பதமாகப் பேசுகிறாய். என்னை நீ எப்போது 'அம்மா' போட்டாய்? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "ஏண்டீ, லெட்டர் போட இத்தனை நாளா?" என்று சத்தம் போட்டு ஆரம்பி. நான் எதிர்த்துப் பேசுவேன். விடாதே, இன்னும் நாலு திட்டு திட்டு.

உன் வாயாடி