இன்று பார்த்த மூன்று

நகரி,
1-7-2025

தருண் நைனாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், ஹாஸ்டலில் நம் பையன் தருணும் நன்றாக இருக்கிறான். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் போஸ்ட் ஆபீசுக்குப் போய் கவர் வாங்கி வந்தேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு சத்யவேடு வந்து சேர், இல்லையென்றால் உன் வழி உனக்கு என்றீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், வர மாட்டேன். யோகா சொல்லிக்கொடுத்த பிரித்திகா கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். போகும்போது வகுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். பதினாலு பெண்கள். தறிகளை விற்றபின் சும்மா கிடந்த நம் கூடத்தில்தான் காலை ஆறு மணிக்கு நடத்துகிறேன்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஒரு நோட்டில் உண்மையாகப் பார்த்த மூன்றை எழுத வேண்டும். கண்ணில் பட்டது மட்டும்தான், குறை சொல்லக் கூடாது. இன்றைக்கு என்னுடையது: வகுப்புக்கு வரும் சபீனாவின் குதிகாலில் மருதாணி. குக்கர் மூடியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு பருப்பு. நம் கேட்டின் துரு. பெயிண்ட் அடிக்கிறேன் என்று நீங்கள் சொல்லி இரண்டு பொங்கல் ஆயிற்று. (இது குறை. கணக்கில் சேராது.)

நீங்களும் மூன்று எழுதி அனுப்புங்கள்.

இந்திராணி


சத்யவேடு,
7-7-2025

இந்திராணிக்கு,

உன் கவரைப் பார்த்துவிட்டு ரூமில் கூட இருக்கும் ஜெயபிரகாஷ், "இன்னாண்ணா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐம்பது வயதில் ஏசி தயாரிக்கும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்கிறேன். யாருக்காக? கம்பெனி பஸ் சத்யவேடு வரைக்கும்தான். தினமும் நகரிக்கு வந்துபோக முடியாது. இங்கே ஒரு வீடு பார்த்திருக்கிறேன், தண்ணீர் நன்றாக வருகிறது. ஊர்ப் பெண்களைப் பாய் விரித்துப் படுக்க வைப்பதுதான் உனக்குக் குடும்பத்தைவிடப் பெரிதா?

நீ கேட்ட மூன்று: ஸ்க்ரூ. ஸ்க்ரூ. ஸ்க்ரூ.

நாகபூஷணம்


நகரி,
12-7-2025

தருண் நைனாவுக்கு,

எந்த மாதிரி ஸ்க்ரூ? தலை வட்டமா, பட்டையா? நீங்கள் பார்க்காமலேயே எழுதியிருக்கிறீர்கள். மார்க் கிடையாது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேனே, நினைவிருக்கிறதா? தினமும் சாப்பாட்டை வைத்துவிட்டு, "எய்ந்துரு இந்திரா, கொஞ்சம் துன்னுட்டுப் படு" என்பீர்கள். எனக்குக் காதில் விழும். ஆனால் எழ முடியாது. பிரித்திகா வந்தபோது எழுந்திரு என்றே சொல்லவில்லை. "படுத்துக்கினே இரு, அக்கா. மூச்சு எங்க போவுது, எங்க வருதுன்னு மட்டும் பாரு" என்றாள். அது என்னால் முடிந்தது. முதலில் மூச்சைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். மூன்றாம் மாதம் எழுந்து தோசை வார்த்தேன். நீங்கள் நான்கு தோசை தின்றீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என்னைப்போலக் கிடந்து எழுந்த இரண்டு பேர் இப்போது வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் எங்கேயும் வருவதாக இல்லை. நீங்கள் வந்தால் கதவைச் சாத்த மாட்டேன். அவ்வளவுதான் என் பதில்.

இந்திராணி


சத்யவேடு,
21-7-2025

இந்திராணிக்கு,

ஸ்க்ரூவின் தலை ஆறு பட்டை. நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு குழி. எட்டு மாதமாக நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் முடுக்குகிறேன், இப்போதுதான் பார்த்தேன். முடுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. விட்டுப் பார்த்தேன். சாயங்காலம் தோள்வலி கொஞ்சம் குறைவு. இதைப் போய் யோகா என்று சொல்லிவிடாதே.

மற்ற இரண்டு: நாகலாபுரம் பஸ் ஸ்டாண்டில், டீக்கடைக்காரர் கொட்டிய தண்ணீரில் குளித்த ஒரு காக்கா. பெயிண்ட் காயாத ஒரு நீல கேட்.

ஒன்றாம் தேதி விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாகபூஷணம்


நகரி,
24-7-2025

தருண் நைனாவுக்கு,

நம் கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்தது நான்தான். போன சனிக்கிழமை சாயங்காலம். யாரிடமும் சொல்லவில்லை, திருப்பதி ஹாஸ்டலில் இருக்கும் தருணுக்குக்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பார்த்தால் மேல் கம்பியில் நான்கு விரல் பதிந்திருந்தது. பால்காரர் நரசிம்மனைப் பிடித்து, "கண்ணு எங்க கீது உனுக்கு?" என்று கத்தினேன். "நா தொடவே இல்லம்மா" என்று தலையில் அடித்து சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை.

அவ்வளவு தூரம் வந்து, கேட்டில் கை வைத்துவிட்டு, ஏன் திரும்பிப் போனீர்கள்? நல்ல பதிலோ கெட்ட பதிலோ, உண்மையை எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். வாசலில் நின்ற உங்களைப் பார்க்காமல் விட்டேனே என்று அழுகை வருகிறது. பார்ப்பது எப்படி என்று பதினாலு பேருக்குப் பாடம் நடத்துகிறவள் நான்!

இந்திராணி


சத்யவேடு,
28-7-2025

அன்புள்ள இந்திராவுக்கு,

சண்டை போடத்தான் வந்தேன். பாயையெல்லாம் சுருட்டித் தெருவில் போட்டுவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். நீ சுவரோரமாக இருந்தாய். ஒரு வருடம் நீ அப்படிப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். படுத்திருந்த விதம் அதேதான், ஆனால் முகம் வேறு.

அந்த ஒரு வருடமும் உன்னை எழுப்பிப் பார்த்துத் தோற்றேன். அந்தச் சின்னப் பெண் மூன்றே மாதத்தில் எழுப்பிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவன் கோபப்பட்டேன். தோசை தின்ற அன்றைக்கு வாயில் வார்த்தை வராததும் அதனால்தான். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கூப்பிட்டிருந்தால் நீ கண்ணைத் திறந்திருப்பாய். உன்னை எழுப்ப வேண்டாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. திரும்பிவிட்டேன். கேட்டைப் பற்றி வேண்டுமென்றே எழுதினேனா, கை தவறி வந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. கம்பெனி பஸ் நகரிக்கும் வருகிறது. ரூம் எடுத்த நாளே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒன்றாம் தேதி. ஷிப்ட் முடிந்ததும் அந்த பஸ்ஸில் ஏறுகிறேன். ஒரு பெட்டிதான். காலையில் ஐந்தரைக்கே பஸ் கிளம்பிவிடும், அதனால் உன் வகுப்புக்கு நான் தொந்தரவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கும் ஒரு நோட்டு எடுத்து வை.

கேட்டில் என் விரல் பட்ட இடத்துக்கு நானே பெயிண்ட் அடித்துவிடுகிறேன். நரசிம்மனிடம் நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன்
நாகபூஷணம்