ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி

குவின்டேலா
9 மார்ச் 1986

அன்புள்ள ஒலிம்பியு,

லக்ஸம்பர்க்கில் குளிர் விட்டதா? கட்டடச் சாரத்தில் ஏறும்போது நான் பின்னித் தந்த கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை அது இன்னும் பெட்டியிலேயே தூங்குகிறதா? இங்கே உங்கள் அம்மா சௌக்கியம். நாய் பிலோட்டு சௌக்கியம். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. நான்தான் சௌக்கியம் என்று எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஆகஸ்டில் என் வயிற்றில் ஒரு புடைப்பைக் காட்டினேனே, "காத்துடி, வேற ஒண்ணுமில்ல" என்றீர்களே, அது குடலிறக்கமாம். இப்போது எலுமிச்சை அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. வாளி தூக்கினால் உயிர் போகிறது. பஸ் பிடித்து விசேவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இத அறுத்துத்தான் தைக்கணும்மா. ஆனா இந்த உடம்புல தையல் நிக்காது. மொதல்ல எடையக் குறைச்சுட்டு வாங்க. ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க, குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து" என்றார். மருந்து என்று ஒன்றும் எழுதித் தரவில்லை. சாப்பாட்டைக் குறைப்பதுதான் மருந்தாம். ஒழுங்காக இளைத்தால் ஜூலையில் ஆபரேஷன்.

சாப்பாட்டைக் குறைப்பதாம்! இந்த வீட்டில்! உங்கள் அம்மாவின் அகப்பை உங்களுக்குத் தெரியாததா? காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டை எடுத்து அதில்தான் சாப்பிடுகிறேன். இரண்டு உருளைக்கிழங்கு வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பொம்மைக்குச் சோறா? எம்புள்ள அங்க கல்லு சுமக்கிறது நீ இங்க பட்டினி கெடக்கவா? மாமியாக்காரி சோறு போடலன்னு ஊரு பேசணும், அதானே ஒனக்கு வேணும்?" என்று ஒரு அகப்பைப் பன்றிக் குழம்பை அதன் மேலேயே ஊற்றினார். தட்டு நிரம்பி மேசைவிரிப்பு நனைந்து என் மடியிலும் வழிந்தது. உங்கள் அப்பா பிரேசிலுக்குப் போன பிறகு ஆளும் வரவில்லை, செத்த சேதியும் வரவில்லை, அந்த மனுஷி இன்னும் துக்கக் கறுப்புத்தான் உடுத்துகிறார். அவருக்கும் கோபத்தைக் காட்டுவதற்கு வேறு ஆள் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

உங்களிடம் மறைப்பானேன், பசிக்கிறது. சாப்பிட்டு எழுந்ததுமே பசிக்கிறது. சனிக்கிழமை சோள ரொட்டி அடுப்பிலிருந்து வரும் நேரத்தில் தோட்டத்துக் கடைசிக்குப் போய் நின்றுகொள்கிறேன். நேற்று கழுவப் போட்ட சட்டியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டித் தின்றேன். தின்றுவிட்டு அழுதேன். சிரிக்காதீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அவள் கொஞ்சமாகவே சாப்பிடட்டும், விடுங்கள் அம்மா" என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கடிதத்தை நான்தானே மேசையில் உட்கார்ந்து அவருக்கு வாசிக்கிறேன். நான் சொன்னால் அடங்காப்பிடாரி. நீங்கள் எழுதினால் அது வேதம்.

உங்கள்
அல்பெர்தினா

*

எஷ், லக்ஸம்பர்க்
6 ஏப்ரல் 1986

என் குண்டுப் பெண்ணே,

உன் கடிதம் கிடைத்தது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், போதுமா?

டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். உனக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் யோசித்துப் பார். ஆகஸ்டில் திருவிழாவுக்கு நான் காரில் வந்து இறங்குகிறேன். ஊரே கோயில் வாசலில் நிற்கிறது. என் பெண்டாட்டி ஒடிந்து விழுகிற மாதிரி வந்து நின்றால் என்ன சொல்வார்கள்? "ஒலிம்பியு வீட்டுக்குப் பளிங்கு இழைத்தான், உள்ளே இருப்பவளுக்குச் சோறு போடவில்லை" என்பார்கள். பிரான்சில் வேலை செய்கிறானே ஜெர்வாசியு, அவன் பெண்டாட்டி போன வருஷம் இளைத்துப்போய் நின்றபோது என்னவெல்லாம் பேசினோம்? நீயும் சேர்ந்துதானே பேசினாய்! அதனால் திருவிழா முடியட்டும். செப்டம்பரில் நான் புறப்பட்ட பிறகு உன் இஷ்டப்படி இளைத்துக்கொள். உனக்குப் பச்சைப் பட்டில் ஒரு உடுப்பு வாங்கியிருக்கிறேன், போன வருஷத்து அளவிலேயே. அதை நிறைத்துக்கொண்டு நீ நிற்க வேண்டும்.

அதுவரை அம்மாவை எதிர்த்துப் பேசாதே. அவள் போடுவதைச் சாப்பிடு.

பசி பசி என்கிறாய். என் பாட்டைக் கேள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரன் மனுவேலின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து அரைத் தட்டு சொல்கிறேன். முழுத் தட்டு இரண்டு பேருக்கு, அரைத் தட்டு கேட்பவன் ஒண்டிக்கட்டை என்று எல்லாருக்கும் தெரியும். "வாங்க அரைத் தட்டு!" என்றே மனுவேல் கூப்பிடுகிறான். கல்யாணத்துக்கு முன்னால் விசேவில் வெர்ஜீலியு கடையில் ஒரு முழுத் தட்டு வாத்துச் சோற்றை நடுவில் வைத்து நாம் இரண்டு முள்கரண்டி போட்டுச் சாப்பிடுவோமே, நினைவிருக்கிறதா? கடைசி வாத்துத் துண்டை நீ என் பக்கம் தள்ளுவாய். இங்கே எனக்கு யார் தள்ளுகிறார்கள்?

உன்
ஒலிம்பியு

*

குவின்டேலா
18 மே 1986

அன்புள்ள ஒலிம்பியு,

பச்சைப் பட்டு வந்து சேர்ந்தது. நல்ல துணி. போட்டுப் பார்த்தேன், தோளிலிருந்து நழுவுகிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய்ச் சூப்பில் இன்னும் இரண்டு தொத்திறைச்சியைப் போட்டார்.

உங்கள் கடிதத்தை அவருக்கு முழுக்க வாசித்தேன். "அவள் போடுவதைச் சாப்பிடு" என்ற வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அன்றிலிருந்து என் சின்னத் தட்டு அலமாரியில் இல்லை. பெரிய தட்டில் குவித்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். நான் என்ன செய்வேன்? பாதியை வாயில் போட்டேன், பாதியை மடியில் போட்டேன். மேசைக்கு அடியில் பிலோட்டு இருந்தான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் பாழாய்ப்போன நாய் உருண்டு திரண்டு, படியேற முடியாமல் வாசலிலேயே படுக்க ஆரம்பித்துவிட்டான். தபால்காரர் பார்த்துவிட்டு, "குட்டி போடப் போவுதா?" என்று கேட்டார். அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. "ஆம்பள நாய்க்குப் புள்ளத்தாச்சிப் பட்டம் வாங்கிக் குடுத்தவ இந்த லோகத்துல நீ ஒருத்திதான்டி" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்குத் தனியாகத் திட்டு.

கல்யாண மோதிரம் பாத்திரம் கழுவும்போது கழன்று விழுகிறது. அத்தை கறுப்பு நூலை எடுத்து மோதிரத்தின் உட்புறம் இறுகச் சுற்றி மறுபடி விரலில் மாட்டிவிட்டார். "இனிமே அது எங்கயும் போவாது" என்றார். விரல் அரிக்கிறது.

ஆனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், பசி பழகிவிட்டது. முதலில் வயிறு என்னோடு சண்டை போட்டது, பிறகு முனகியது, இப்போது கொஞ்சம் கிடைத்தாலே போதும் என்கிறது. மென்று தின்றால் ஒரு உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் வருகிறது தெரியுமா? குவித்த தட்டைப் பார்த்தால்தான் இப்போது மூச்சு முட்டுகிறது. வியாழக்கிழமை எடை பார்க்க விசேவு போகும்போது மட்டும் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். வெர்ஜீலியு கடையில் அரைத் தட்டு சொல்கிறேன். அதிலும் பாதிதான் உள்ளே போகிறது. உங்களைப் போலவே நானும் அரைத் தட்டு ஆகிவிட்டேன், பாருங்கள்.

டாக்டர் சந்தோஷப்பட்டார். ஜூலை பதினொன்று என்று தேதி குறித்துவிட்டார். செப்டம்பருக்குத் தள்ளச் சொல்லாதீர்கள். இரவில் இருமினால்கூட வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஒலிம்பியு. இந்தப் பளிங்கு வீட்டில் என் பயத்தைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

உங்கள்
அல்பெர்தினா

*

எஷ்
15 ஜூன் 1986

அல்பெர்தினா,

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

அம்மா தபால்காரரைப் பிடித்து எனக்குக் கடிதம் எழுத வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை ரொட்டிக் கடைக்காரி விசேவில் உன்னைப் பார்த்தாளாம். வெர்ஜீலியு கடையில் உன் முன்னால் முழுத் தட்டு இருந்ததாம். தட்டில் இரண்டு முள்கரண்டி. எதிர் நாற்காலியில் இருந்த ஆள் அப்போதுதான் எழுந்து போயிருக்க வேண்டுமாம். எனக்கு அரைத் தட்டு என்று எழுதுகிறாய்! யாருக்காக இளைக்கிறாய்? யாருக்காக உடம்பைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாய்? நான் சாரத்தில் தொங்கிக்கொண்டு சம்பாதிப்பது, நீ நம் கடையில், நம் மேசையில் வேறொருவனோடு முழுத் தட்டு தின்னவா?

இனி வியாழக்கிழமை பஸ் கிடையாது. உன் அடையாள அட்டையை வாங்கி அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டட்டும். அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்ப்பார்கள் என்று பார்க்கிறேன். ஆகஸ்டில் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

சோற்றை அளந்து அளந்து உனக்குப் புத்தியும் கோணலாகிவிட்டது. இங்கே ஒருவரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. போன ஞாயிறு மனுவேல் கடையில் முழுத் தட்டு ஆக்டோபஸ் சோறு, ஒரு பருக்கை மிஞ்சவில்லை. மனுஷர்கள் அப்படித்தான் சாப்பிட வேண்டும்.

ஒலிம்பியு

*

வெர்ஜீலியு சாப்பாட்டுக் கடை, விசேவு
10 ஜூலை 1986

ஒலிம்பியு,

கல்யாணத்துக்கு முன்னால் உன்னை நான் "நீ" என்றுதான் கூப்பிட்டேன். பிறகு உன் அம்மா மாற்றினார். இந்தக் கடிதத்தைப் பழையபடியே எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே ஒரு வரி விடாமல் வாசித்தேன். சமையலறை மேசையில், அத்தை எதிரே நின்றுகொண்டிருக்க. "யாருக்காக இளைக்கிறாய்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அத்தை "மேல வாசி" என்றார். அடையாள அட்டை வரி வந்ததும் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அவர் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "மிச்சத்தையும் வாசி" என்றார். ஜூலை பதினொன்று ஆபரேஷன் கைவிட்டுப் போய்விட்டது, இந்தக் குடல் என்னைக் கொன்றபிறகுதான் இந்த வீட்டை விட்டு வெளியே போவேன் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். எனக்கு எழுத்து தெரிந்ததே தவிர அர்த்தம் ஏறவில்லை.

அத்தைக்குத்தான் ஏறியது. "என்ன சோறு?" என்றார்.

"ஆக்டோபஸ் சோறு" என்றேன்.

"அவனா? அந்த நாத்தம் பட்டாலே வாந்தி எடுப்பானே! கிறிஸ்துமஸுக்குச் செஞ்சா மாட்டுக் கொட்டாய்ல போய் ஒக்காந்துக்குவானே!" பிறகு, "எத்தன தட்டு?" என்றார்.

"முழுத் தட்டு. ஒரு பருக்கை மிஞ்சலயாம்."

அத்தை நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தன் கறுப்புப் பாவாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். அரைத் தட்டு ஆள் நீ. உனக்குப் பிடிக்காத சோற்றில் முழுத் தட்டு வாங்கினால் அது பிடித்தவள் ஒருத்தி எதிரே இருந்திருக்கிறாள். அவள் பெயர் எனக்கு வேண்டாம். கடைசித் துண்டை உன் பக்கம் தள்ளுகிறாளா என்று மட்டும் கேட்கத் தோன்றியது. பிறகு அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் எதிர் நாற்காலியையும் சொல்லிவிடுகிறேன். அது கஸிமிரா என்று ஒரு பெண். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது, எனக்கு அரைத் தட்டே அதிகம். "ரெண்டு பேரும் ஒரு தட்ட நடுவுல வெச்சுக்குங்களேன்" என்று வெர்ஜீலியுதான் சேர்த்து உட்கார வைத்தார். நோயாளிகளைப் பார்க்கும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி மணி அடித்ததும் அவள் ஓடிவிட்டாள். ரொட்டிக் கடைக்காரி பார்த்தது அவளுடைய முள்கரண்டியை. உனக்கு இதை முன்பே எழுதியிருப்பேன். ஆனால் அந்த மேசையில் வேறு ஒருத்தியோடு சாப்பிடுகிறேன் என்று சொன்னால் உன் மனசு நோகுமே என்று மறைத்தேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி உண்டா?

அத்தை நாள்கணக்காக என்னோடு பேசவில்லை. போன திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். என் இடத்தில் பெரிய தட்டைக் காணோம். காணாமல் போன சின்னத் தட்டு இருந்தது. பக்கத்தில் அடையாள அட்டை. அத்தை அகப்பையில் முக்கால்வாசியைச் சட்டியிலேயே திரும்பக் கவிழ்த்துவிட்டு, மிச்சத்தை என் தட்டில் வைத்து, "போதுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

இன்று அவரும் என்னோடு பஸ் ஏறினார். இந்தக் கடைக்குள் காலடி வைப்பது இதுதான் முதல் தடவை. இன்று சாயங்காலம் சேர்த்துக்கொள்கிறார்கள், காலையில் ஆபரேஷன். நகை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். மோதிரத்தில் சுற்றிய நூலை அத்தையே பல்லால் கடித்து அறுத்தார். மோதிரம் இப்போது அவர் கைப்பையில் இருக்கிறது. திரும்பிப் போனால் அதே பளிங்கு வீடுதான், எனக்குப் போக வேறு இடமில்லை. மோதிரத்தைத் திருப்பிக் கேட்பேனா என்று தெரியவில்லை.

பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு முழுத் தட்டு வாத்துச் சோறு வாங்கி நடுவில் வைத்திருக்கிறோம், முள்கரண்டி இரண்டு. என் பக்கம் சின்னதாகத்தான் பிரித்தார். உனக்கு எழுதுகிறேன் என்றதும், தான் சொல்வதை அப்படியே போடச் சொல்கிறார். போடுகிறேன்:

"ஆகஸ்டுல வந்தா இந்தக் கடையிலயே எறங்கி அரைத் தட்டு வாங்கித் தின்னுட்டு அப்படியே போகச் சொல்லு. வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன்."

அல்பெர்தினா